கரை சேராத நீச்சல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போனால், தலையில் ஹெல்மெட்டோடு மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு ஏறும் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். மேலே வந்த பிறகும் சிலருக்கு ஆசை அடங்காது. கரடியூர் காட்சிமுனை வரைக்கும் மிதித்துப் போய், பள்ளத்தாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அந்த ஏற்றத்தில் ஒருவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? காலை ஊன்றி நிற்பார். ஓரத்துச் சுவரில் உட்காருவார். பின்னால் வருகிறவர் நிறுத்துவார், யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். நிலைமை மோசம் என்றால் 108-க்குப் போன் போகும்.

அதே ஆளுக்கு அதே தலைசுற்றல் தண்ணீருக்குள் வந்தால்? காலை ஊன்ற இடம் கிடையாது. சுற்றிலும் ஒரே நிறத் தொப்பி போட்ட நூற்றுக்கணக்கான தலைகள். சினிமாவில் காட்டுவது போல முழுகுகிறவர் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவதெல்லாம் அபூர்வம். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடுவார்கள். பக்கத்தில் நீந்துகிறவருக்குத் தெரியாது.

டிரையத்லான் போட்டியின் பெரிய பயம் இதுதான். அது என்ன போட்டி என்று கேட்பவர்களுக்கு: ஒரே மூச்சில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடிக்க வேண்டும். 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒலிம்பிக் அளவு என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 1978-ல் ஹவாயில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் நீச்சல் மட்டுமே 3.8 கிலோமீட்டர். வெயிலில் ஓடும்போதுதான் ஆட்கள் விழுவார்கள் என்று நினைப்போம். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த இறப்புகளையும் திடீர் மாரடைப்புகளையும் மருத்துவர்கள் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நடந்தது நீச்சலில். சராசரி வயது 47-ஐ ஒட்டி. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். லட்சம் பேருக்கு இரண்டு பேர் கூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் நீச்சலில்? குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கும்போது உடம்பு அதிர்ந்து இதயம் வேகமாக அடிக்கும். முகம் நீருக்குள் போனதும் வேறொரு அனிச்சைச் செயல் அதே இதயத்தை மெதுவாக்கப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்துகிற மாதிரி. ஏற்கனவே இதயத்தில் தெரியாத கோளாறு இருந்தால் அந்த நேரத்தில் தாளம் தப்பிவிடலாம். சிலருக்கு நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இது வெளியிலிருந்து குடித்த தண்ணீர் இல்லை, ரத்தக் குழாய்களிலிருந்து கசிவது. இருமல், காரணமில்லாத மூச்சுத் திணறல், சளியில் இளஞ்சிவப்பு நுரை, இவைதான் அறிகுறி. அந்த இடத்திலேயே நீச்சலை நிறுத்தி, கையைத் தூக்கிப் படகைக் கூப்பிட வேண்டும்.

சரி, இறந்தவர் போய்விட்டார். இருப்பவர்கள்? சாலை விபத்தென்றால் பார்த்தவர்கள் இருப்பார்கள், நின்றவர்கள் இருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. கூட நீந்தியவர் கரையேறுகிறார், சைக்கிளை எடுக்கிறார், ஓடுகிறார், கழுத்தில் மெடல் விழுகிறது. அதற்குப் பிறகுதான் காதில் செய்தி விழுகிறது. நீச்சலில் கை கால் இடிபடுவது சகஜம். அன்றைக்கு ராத்திரி, "நம் காலில் பட்டது யார்?" என்ற கேள்வி தூங்க விடாது. விடை கிடைக்காத கேள்வி என்பதால் அது சுலபத்தில் போவதும் இல்லை.

தமிழர்களுக்கு இந்த மாதிரி ஒரு சாவு புதிதல்ல. டிரையத்லானில் இல்லை, ஆங்கிலக் கால்வாயில். ஆழிக்குமரன் ஆனந்தன் என்ற பெயரை ஈழத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். 1943-ல் பிறந்தவர், குடும்பம் வல்வெட்டித்துறை, தொழில் வக்கீல். 1971-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அதே நீச்சலில் திரும்பியும் வந்தார். 51 மணி நேரம்! இரண்டு ராத்திரி கடலுக்குள்ளேயே.

அவர் வெறும் நீச்சல்காரர் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டி கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். கிட்டத்தட்ட எட்டு நாள். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் ட்விஸ்ட் நடனம் ஆடினார். 80 மணி நேரம் தண்ணீரில் மிதித்துக்கொண்டே மிதந்தார். டிரையத்லான் என்ற சொல்லே நம் பக்கம் வராத காலத்தில் நீச்சலையும் சைக்கிளையும் ஒரே உடம்பில் இந்த அளவுக்கு வைத்திருந்த தமிழர் வேறு யார்?

1984 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது ஆனந்தன் இறந்தார். வயது 41.

பாக்கு நீரிணையில் 51 மணி நேரம் தாங்கியவருக்கு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஏறத்தாழ 33 கிலோமீட்டர் ஒரு தூரமா என்று அன்றைக்குக் கேட்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். தூரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது, 28 டிகிரி சாதாரணம். ஆகஸ்டில் கால்வாய் 17, 18 டிகிரிதான். ஏற்காட்டில் மார்கழிக் காலை குழாயைத் திறந்து குளித்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும். அதில் ஒரு குவளை இல்லை, பத்துப் பதினைந்து மணி நேரம். ரப்பர் உடையும் கூடாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசும் கொழுப்பு, அவ்வளவுதான் விதி.

இன்னொரு விதி இன்னும் கொடுமையானது. கூடவே வரும் படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. ஆகையால் படகில் இருப்பவர்களின் வேலை வெறும் காவல் இல்லை. குளிர் ஏற ஏற மூளை மந்தமாகும். நீந்துகிறவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், அவருக்கே உண்மை தெரியாது. அதனால் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுவார்கள், பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் முன்னால் இழுத்துவிட்டால் பல வருடப் பயிற்சி வீண், ஆயுள் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும். ஐந்து நிமிடம் பின்னால் என்றால் ஆளே இல்லை. 1875-ல் மேத்யூ வெப் முதன்முதலாகக் கடந்ததிலிருந்து இன்றுவரை அந்தக் கால்வாய் நீச்சலில் ஏறத்தாழ பத்துப் பேர் இறந்திருக்கிறார்கள். 1954-ல் துணைப்படகே இல்லாமல் இறங்கியவர்தான் அதில் முதல் ஆள். (அதே 1954-ல்தான் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார்.) மற்ற ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படகு இருந்தது. அந்தப் படகில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஆனந்தன் இறந்தது 1983 ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டு கழிந்த நேரம். ஏற்கனவே துக்கத்தில் இருந்த சமூகம். அது அவரைப் பட்டப்பெயராலேயே நினைவில் வைத்துக்கொண்டது. ஆழி என்றால் கடல். அவரைக் கொண்டுபோன கடலே அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஒரு ஊர் துக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வழி இது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் "விரும்பினதைச் செஞ்சுக்கிட்டே போயிட்டான், கொடுத்து வெச்சவன்" என்று ஆறுதல் சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதை வீட்டுக்காரர்களிடம் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்தப் பேச்சு சொல்கிறவருக்குத்தான் ஆறுதல். மனைவியும் அம்மாவும் அவர் விரும்பினதைச் செய்துவிட்டுத் திரும்பி வருவார் என்றுதான் அனுப்பினார்கள்.

வேறு மாதிரியும் தாங்கிக்கொள்ளலாம். 2010 அக்டோபர் 23, ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஃபுஜைரா. திறந்த கடலில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயம். கடல் நீர் வெந்நீர் மாதிரி. அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன், வயது 26, இறுதிக்கோட்டுக்கு வரவே இல்லை. இதை முதலில் கவனித்தது நடுவர் இல்லை. அவருடைய நண்பரும் சக வீரருமான அலெக்ஸ் மேயர். பந்தயம் முடித்த களைப்போடு வீரர்களே மறுபடி தண்ணீரில் குதித்துத் தேடினார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து முக்குளிப்பவர்கள் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

கிரிப்பன் குடும்பம் நீச்சல் குடும்பம், அக்கா மேடி 2000 ஒலிம்பிக்கில் நீந்தியவர். அவர்கள் "விதி" என்று உட்கார்ந்துவிடவில்லை. தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை படகு, எண்ணிக்கை பார்த்தது யார் என்று நீச்சல் உலகமே கேட்க வேண்டியதாயிற்று. விசாரணைகள் நடந்தன. திறந்த நீர்ப் பந்தயத்தில் நீரின் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று உலக நீச்சல் சம்மேளனம் உச்சவரம்பு வைத்தது. அந்த 31-ம் அதிகம் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. ஃபிரான் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையும் வந்தது. மேயர் நீச்சலை விடவில்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் அதே 10 கிலோமீட்டர் பந்தயத்தில் இறங்கினார். நண்பனைத் தேடி நீந்திய ஒருவருக்கு மறுபடி திறந்த நீரில் தலையை முக்குவது எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் கேள்விக்கு இப்படி விடை வந்துவிடுவதில்லை. 2023 ஆகஸ்ட் 20-ல் அயர்லாந்தின் யோல் கடற்கரையில் அயர்ன்மேன் போட்டியின் நீச்சல் கட்டத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, முந்தைய நாள்தான் மோசமான வானிலை. போட்டிக்கு அனுமதி இருந்ததா, இல்லையென்று எப்போது சொன்னீர்கள் என்று நடத்தியவர்களும் அந்நாட்டு டிரையத்லான் அமைப்பும் மாறி மாறி அறிக்கை விட்டார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் நண்பர் யாராவது இப்படி ஒரு போட்டியிலிருந்து திரும்பி வந்தால், "நீ முடிச்சிட்டேல்ல, எவ்வளவு நேரம்?" என்று கேட்காதீர்கள். அவர் பக்கத்தில் என்ன பார்த்தார், என்ன பார்க்கவில்லை என்று பேச விடுங்கள். ஒரே கதையைப் பத்து தடவை சொல்வார், சொல்லட்டும். பல நாள் தூக்கம் வராமல், தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு அடைத்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம். மறுபடி நீந்த வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சிலர் சைக்கிளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான்.

ஆனந்தன் இறந்து பத்து வருடம் கழித்து, 1994 ஆகஸ்ட் 15-ல், தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் அதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தான். வயது 12. அந்த வருடமே பாக்கு நீரிணையையும் கடந்திருந்தான். படகில் இருந்து பார்த்தவர்கள் எத்தனை தடவை கைவீச்சை எண்ணியிருப்பார்கள்!

தலைமன்னார், தனுஷ்கோடி, திரும்பத் தலைமன்னார் என்ற ஆனந்தனின் 51 மணி நேரம் மட்டும் அப்படியே இருந்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர அதே வழியில் போய்த் திரும்பினார். 28 மணி 19 நிமிடம். சரியாக 50 வருடம் நின்ற சாதனை. அடுத்த நாள் அந்தச் செய்தியை எழுதியவர்கள், யாருடைய சாதனை முறிந்தது என்று சொல்வதற்காகவாவது, ஆனந்தன் பெயரையும் எழுத வேண்டியிருந்தது.