சீத்தா எலியவில் ஒரு கோவாத் தோட்டம்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பேருந்து புசல்லாவையைத் தாண்டியதும் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குக் கழுத்து வலி தொடங்கிவிடும். சமதரையிலே பிறந்து வளர்ந்தவன் அண்ணாந்து பார்ப்பதற்குப் பனைமரத்தின் வட்டுக்கு மேல் எதையும் அறியாதவன். ஐந்தாண்டு காலம் மலையகப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருந்தும் எனக்கு அந்த வலி மாறவில்லை. றம்பொடை அருவியைக் கண்குளிரப் பார்ப்பதா, வளைவிலே எதிர்ப்படும் லொறியைக் கண்டு அஞ்சுவதா என்று தீர்மானிப்பதற்குள் லபுக்கலைத் தேயிலைச் சரிவுகள் வந்துவிட்டன. தெருவோரக் கடைகளில் கரட்டும் லீக்சும் பீற்றூட்டும் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு சிறு பொத்தலும் இல்லாத கோவாக்கள் பந்து பந்தாக அடுக்கப்பட்டு மின்னின. அந்த மினுக்கத்தின் கதையை மறுநாள் அறியப்போகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அக்காலத்தில் என்னிடம் விலங்கியல் கற்ற மாணவன் ஒருவன் இன்று ஆசிரியனாக இருக்கின்றான். அவனுடைய வீடு சீத்தா எலியவுக்கு அப்பால், ஹக்கலை மலையைப் பார்த்த சரிவில் இருக்கின்றது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் சிவராத்திரி விரதம் முடித்து, சீதையம்மன் கோயிலில் ஓடைக்கரையோரம் நின்று வணங்கிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். விடியற்காலையில் புல்நுனி எல்லாம் வெண்பனி. பத்து மணிக்கோ முதுகைச் சுடும் வெயில். மழை பெய்து பல நாளாகியிருந்தது.

இந்த மலையிலே மேனாட்டுக் காய்கறிகளைப் பயிரிட வந்தவர்களுள் முன்னோடியானவர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். 1848ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து குடியேறினார். அவர் விதைத்த ஓட்சை மரைகள் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. தமக்கு நேர்ந்த இந்த அவதிகளைப் பின்னர் தாமே நகைச்சுவையோடு நூலில் எழுதி வைத்தார். மரைகளை இன்று தேடிப்பிடிக்க வேண்டும். புழுக்கள் மட்டும் மலையை விட்டுப் போகவில்லை.

மாணவனின் தந்தையாருக்கு வயது அறுபதுக்கு மேல். தோட்டத்திலே பெயர் பதிந்து உழைத்து ஓய்ந்தபின், ஏறக்குறைய அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோவா நடுகின்றார். நாற்றுமேடையில் விதைத்து, நாலு கிழமை வளர்த்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பிடுங்கி நட்டு, மாட்டெருவும் கோழியெருவும் இட்டு, மூன்று மாதம் காத்திருந்தால் பந்து திரளும். சொல்ல எளிது. நட்ட மறுநாள் காலையிலேயே சில கன்றுகள் அரிவாளால் அறுத்ததுபோல் தரையில் கிடக்கும். அது வெட்டுப்புழுவின் வேலை. விழுந்த கன்றின் அடியிலே ஓர் அங்குலம் மண்ணைக் கிளறினால், உண்டு களைத்த கள்வனைப் போல் அது சுருண்டு படுத்திருக்கும். பெரியவரின் மனைவியார் கையில் ஒரு சிரட்டையுடன் பாத்தி பாத்தியாகச் சென்று, விரலாலேயே தோண்டி அவற்றைப் பொறுக்கினார். அந்தச் சுறுசுறுப்பை எந்த இயந்திரத்திலும் நான் கண்டதில்லை.

இதைவிடக் கொடியது வேர்வீக்க நோய். வேர்கள் இஞ்சிக் கிழங்குபோல் பருத்து, பகலில் இலை வாடும். அதன் கிருமி மண்ணிலே பல்லாண்டு உறங்கவல்லது. சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணிக்கலாம். சில ஆண்டுகள் கோவாவும் அதன் இனத்துப் பயிர்களும் நடாது விடலாம். அரை ஏக்கர்க்காரன் சில ஆண்டுகள் எதை நடுவான் என்று பெரியவர் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

அவர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் அரை அங்குலமும் இல்லாத பச்சைப் புழுக்கள். இலையின் மேற்றோலை மட்டும் விட்டுவிட்டுச் சதையைச் சுரண்டித் தின்றிருந்தன. கண்ணாடிச் சன்னல் போல் வெளிச்சம் தெரிந்தது. விரல் பட்டதும் ஒன்று துடிதுடித்துப் பின்வாங்கி, நூலொன்றை விட்டு அந்தரத்தில் தொங்கிற்று. இதுவே வைரமுதுகு அந்து. சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் மூன்று வைர வடிவங்கள் தெரிவதால் அந்தப் பெயர். வெப்பநாளில் முட்டை அந்தாக மாறி மீண்டும் முட்டையிட மூன்று கிழமை கூடச் செல்லாது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அவ்விடத்திலேயே பாடம் நடத்தத் தொடங்கினேன். டி.டி.ற்றி பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், யாவாத் தீவின் லெம்பாங் மலைக் கோவாத் தோட்டங்களில் இந்தப் புழு அந்த மருந்துக்குச் சாகாமல் நிமிர்ந்துவிட்டது. 1953இல் அதைப்பற்றிய அறிக்கை வெளிவந்தது. பயிர்ப்பூச்சிகளுள் டி.டி.ற்றியை வென்ற முதற் பூச்சி இதுவே. பின்பு நுண்ணுயிரிலிருந்து செய்த மருந்தொன்று வந்தது. 1990இல் ஹவாய்த் தோட்டங்களில் அதையும் எதிர்த்து நின்றதாக எழுதினார்கள். அடிக்க அடிக்க, சாகாதவற்றின் பிள்ளைகளே பெருகும். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகளோ முதல் அடியிலேயே செத்துவிடும்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்பு சொன்னார்: "நீங்க சொல்றது சரி சேர். மருந்து கேக்க மாட்டேங்குதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் கிழமைக்கு ஒருக்கா அடிச்சத இப்ப ரெண்டு தரம் அடிக்கிறேன்."

சமையலறைக்குப் பின்னே தனியாக ஒரு சிறு பாத்தி இருந்தது. அங்கே கோவா இலைகள் எல்லாம் சல்லடை. சுற்றிலும் கடுகு மஞ்சளாகப் பூத்திருந்தது.

"அது என்ன?" என்றேன்.

"அது நாங்க திங்கிறதுக்கு. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகன் குறுக்கிட்டான். அந்தக் கடுகு அவன் விதைத்தது. பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்ட முறை: கோவா நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னே ஒரு வரிசை, நட்டு இருபத்தைந்து நாட்களின் பின் இன்னொரு வரிசை கடுகு விதைத்தால், அந்து கடுகை விரும்பி அங்கே போய் முட்டையிடும். மாலையில் அந்துகள் பறக்கும் வேளையில் மேலிருந்து மழைபோல் தண்ணீர் தெளித்தாலும் புழு குறையும். முழு நிலத்திலும் இவ்வாறு செய்வோம் என்று இரண்டு போகமாகத் தந்தையிடம் மன்றாடுகின்றானாம்.

தந்தையார் இணங்காததற்குக் காரணம் இருந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரமும் பூச்சிநாசினியும் நாட்டுக்குள் வருவது திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. இடையில் அகப்பட்ட போகத்தில் அவருடைய கோவா பந்து கட்டவில்லை. மருமகளின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. மீண்டு வர இரண்டு ஆண்டு சென்றது. "ஒரு போகம் தப்பிப்போனா என்ன ஆகும்னு இவனுக்குத் தெரியாது சேர். நகையைக் கழட்டிக் குடுத்த பிள்ளைக்குத் தெரியும்," என்றார். மருமகள் வாசற்படியில் பேரனை மடியில் வைத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடியுமுன் லொறி வந்தது. பாதி வரிசைகளுக்கு முந்தின நாளுக்கு முதல்நாள்தான் மருந்து அடித்திருந்தார்கள். திண்ணையிலிருந்த போத்தலின் தாளில் அறுவடைக்கு 14 நாள் முன்னே நிறுத்துமாறு அச்சிட்டிருந்ததை நான் வாசித்திருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியும் சேர். ஓட்டை விழுந்தா லொறிக்காரர் தள்ளிப்புடுவாரு. அவரையும் குத்தம் சொல்ல ஏலாது. சந்தையில யாரும் வாங்க மாட்டாங்களே. நீங்க வாங்குவீங்களா?"

ஒவ்வொரு கிழமையும் திருநெல்வேலிச் சந்தையில் கோவாவை உருட்டி உருட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததைத் தள்ளிவிட்டு எடுப்பவன் நான். தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். லொறி புறப்பட்டபின், வரும் போகத்தில் கீழ்ப்பக்கத்து நாலு வரிசைக்கு மட்டும் கடுகு விதைத்துப் பார்க்கலாம் என்று பெரியவர் மகனிடம் சொல்வது காதில் விழுந்தது. என் பாடத்தினாலா, மருமகளின் மௌனத்தினாலா என்று நான் அறியேன்.

புறப்படும்போது அடுப்படிப் பாத்தியிலிருந்து ஒரு கோவாவை வெட்டிச் சாக்குப் பையில் கட்டித் தந்தார்கள். வீட்டில் மனைவி அதைக் கண்டு முகஞ்சுளித்து மூன்று இலைகளை உரித்தெறிந்தாள். பொத்தல்களும் அந்த மூன்றோடு முடிந்துவிட்டன. உள்ளே வெள்ளை வெளேரென்றிருந்தது. அன்று கோவா வறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பொத்தல் விழுந்த கோவா இருக்கிறதா என்று கேட்டேன். வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானதை லொறியிலேயே ஏற்றமாட்டார்களாம்.