நோவறியாக் கால்

நெய்வேலியில் குடியிருக்கும் எங்களுக்குச் சுரங்கத்தின் பட்டைகள் புதியவை அல்ல. ராட்சத இயந்திரங்கள் வெட்டித் தரும் மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு அவை கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. அப்பட்டைகளின் ஓரமாக ஒரு கயிறும் நீண்டு செல்லும. ஆபத்தைக் கண்ட தொழிலாளி அதனைப் பற்றி இழுத்தால் போதும், பட்டை நின்றுவிடும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆணை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டவுடன் கை தானாகவே விலகுகிறது. சுடுகிறது என்று மூளை உணர்வதற்கு முன்பே தண்டுவடம் தசைக்கு ஆணையிட்டு விடுகிறது. வலி பிறகுதான் நமக்குத் தெரிய வருகிறது. இமைப்பொழுதில் நடந்தேறும் இச்செயலில், நரம்பின்றி உடல் இல்லை என்னும் உண்மை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் அது ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவற்றுள் விரைவான இழைகள் நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் செய்தியைக் கடத்த வல்லவை. இதயம் தானே துடிக்கும் திறன் படைத்தது; நரம்பு அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. மூச்சின் நிலையோ வேறு. நாம் உறங்கும்போதும் மூளைத்தண்டு இடைவிடாது ஆணையிட்டால்தான் மார்பு விரிந்து சுருங்கும்.

ஆணையிடுவது மட்டுமே நரம்பின் பணி என்று நாம் எண்ணிவிடலாகாது. செய்தி கொண்டுவருவதும் அதன் பணியே. அச்செய்திகளுள் நாம் மிகவும் வெறுப்பது வலி. அந்த வலி அற்றுப்போனால் உடல் என்னவாகும்?

1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன், தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் இளங்குரு தமியான், தொழுநோயாளரிடையே பணிபுரிய ஹவாயின் மொலக்காய் தீவை அடைந்தார். 1884-இல் ஒருநாள் அவர் சூடான நீரில் கால் வைத்தார். தோல் கொப்புளித்தது, நோவு மட்டும் தோன்றவில்லை. தம்மையும் அந்நோய் பற்றிக்கொண்டது என்பதை அவருக்கு அறிவித்தது வலி அன்று, வலியின்மையே. 1889-இல் அங்கேயே இறந்த அவரை 2009-இல் திருச்சபை புனிதராக அறிவித்தது.

தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். நோயாளரின் அன்றாட வாழ்வை அவர் உற்று நோக்கினார். துருப்பிடித்த பூட்டின் சாவியைச் சிறுவன் ஒருவன் வெகு எளிதாகத் திருப்பினான்; அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது; அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்துச் சென்றதும் தெரிய வந்தது. அதனால் நோயாளருக்குப் பூனைகளைக் கொடுத்து வளர்க்கச் செய்தார்கள். அவ்விரல்களைச் சிதைத்தவை பெரும்பாலும் நோவறியாத உழைப்பும் தீயும் எலியுமே. நோய் அழித்தது காவலனாகிய நரம்பை.

இது தொழுநோயோடு முடியும் கதையன்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. கட்டுப்படாத சர்க்கரையும் பாதத்து நரம்புகளை ஓசையின்றி மரத்துப்போகச் செய்யும். எங்கள் வட்டத்தில், சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலையில் கடைத்தெருவுக்கும் மாலையில் கோயிலுக்கும் நடந்து சென்று திரும்பினார். "தாத்தா, தரையெல்லாம் இரத்தம்!" என்று பேத்தி அலறியபோதுதான், செருப்பைத் துளைத்த ஆணி பாதத்தில் ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்தது. கால் பிழைத்தது, பெருவிரல் போயிற்று. "அது என் கால் என்றே தோன்றவில்லையம்மா, யாரோ கொடுத்த கட்டையை மாட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கிறது" என்றார் அவர். வலிக்காத உறுப்பு நம்முடையது என்னும் எண்ணமும் மெல்ல மறைந்துவிடுகிறது.

1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கே செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். அழுத்தம் மிகுந்தால் ஒலியெழுப்பும் கருவியை நோயாளர் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரும் கருவியையோ, வேலைக்கு இடையூறு என்று அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது. நாம் விரும்பியபோது அணைக்க முடியாதது என்பதனாலேயே வலி நம்மைக் காக்கிறது.

புனித பவுலடியார் திருச்சபையை உடலுக்கு ஒப்பிட்டு, ஓர் உறுப்பின் துன்பத்தை மற்றெல்லா உறுப்புகளுக்கும் உரியதாகக் கண்டார். வேலூரில் கண்ட உண்மையோடு அதனை வைத்துப் பார்க்கும்போது பொருள் ஆழமாகிறது. துன்பம் வந்து சேராத இடத்தில் உறவு அறுந்திருக்கிறது. இச்சுரங்கத்துக்காக ஊரையும் கொல்லையையும் விட்டுச் சென்றோரின் நோவு, நிழல் மரங்கள் சூழ்ந்த எங்கள் நகரியத்து வீடுகளுக்கு எட்டுகிறதா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரத்துப்போன நரம்பு எளிதில் மீள்வதில்லை. ஆயினும் அதன் வேலையைப் பிறர் ஓரளவு ஏற்க முடியும். நோவறியாப் பாதங்களுக்கென மென்மையான எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. வெறுங்காலோடு நடவாமை, நீரின் சூட்டைப் பிறர் தொட்டுப் பார்த்தபின் கால் நனைத்தல், நாள்தோறும் உள்ளங்காலைச் சோதித்தல் ஆகியவற்றை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். இப்போது அந்தப் பெரியவர் வீட்டில், இரவுச் செபம் முடிந்ததும், பேத்தி தாத்தாவின் பாதங்களை மடியில் ஏந்தி விரலிடுக்குகளை விளக்கொளியில் பார்க்கிறாள். அவர் கால் உணராததை அவள் கண் உணர்கிறது.