"எச்சத்தட்டு கழுவவா இவ்வளவு படிப்பு?"

நம் நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறாள் என்றால், லூப் ரோடு முழுக்கப் பேச்சு கிளம்பிவிடுகிறது. "எச்சத்தட்டு கழுவவா இவ்வளவு படிப்பு? ராத்திரி வேலையாமே, யார் கட்டிப்பாங்க?" விடியுமுன் இருட்டில் படகு தள்ளும் நாமே ராத்திரி வேலையை இழிவாகப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

கண்ணுங்களா, நான் ஹோட்டல் கிச்சனிலேயே வயசானவன். சேர்ந்தது பாத்திரம் கழுவும் இடத்தில்தான். ஒருநாள் மீன் வந்து இறங்கியபோது செவுளைத் தூக்கிப் பார்த்து, வெளுத்ததையும் கண் குழிந்ததையும் தனியே எடுத்து வைத்தேன். பெரிய செஃப் கவனித்தார். வஞ்சிரம் ஒன்றைக் கொடுத்து வெட்டச் சொன்னார். துண்டெல்லாம் ஒரே கனம். அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழகிய கை அது. மறுவாரமே என்னை மீன் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். குப்பத்தில் யாரும் வித்தையாக நினைக்காததற்கு அங்கே சம்பளம் தந்தார்கள்.

கலங்கரை விளக்கமும் சாந்தோம் பேராலயமும் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் நம் கடைப்பக்கம் வருகிறார்கள். எதில் முள் குறைவு, எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்று நம் ஆயாக்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள். அதற்காக அவர்களை யாராவது வேலைக்காரி என்பார்களா? ஹோட்டலில் விருந்தாளியைக் கவனிப்பதும் அதே வேலைதான்.

ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. மக்கள் பயணத்தை நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் முதலில் வெளியே போனவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். அதனால் வேலைக்கான ஆர்டரை ஹோட்டல் பெயரில் தருகிறார்களா, கான்ட்ராக்டர் பெயரில் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இருபது பேர் வேலை செய்யும் இடமென்றால் பி.எஃப். வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கேளுங்கள். பெண் பிள்ளைகளே, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், ராத்திரி வீட்டில் விட வண்டி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி இருக்கிறது. நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். விண்ணப்பம் போடுமுன் அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். படித்து முடித்த பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள், முதல் சம்பளம் என்ன, ராத்திரி எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று அவரே நேரில் விசாரிக்கட்டும்.