எழுத்து இல்லாம ஒண்ணு

2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் கடைசி வரிசையில் சிரிப்பு. எழுப்பிக் கேட்டேன். “வெண்பா ரிலீஸ் ஆயிருச்சு மேம்” என்றாள் ஒருத்தி. படமா என்றேன். கேம் என்றாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. புலவர்களுக்கே புலி என்று பெயரெடுத்த பாவுக்கு இப்படியொரு காலம் வந்ததே என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே லீவுக்கு வந்திருந்த தங்கை மகன் அதை லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்தான். ஜூலை 31 அன்று வெளியான விளையாட்டு அது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. முன்நின்றவர் அபி என்ற தமிழர். அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும்பரிசும் அதற்குக் கிடைத்தன. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடா போய்க் குடியேறிய ஒரு தம்பதி. மனைவி பெயர் வெண்பா, கணவன் பாவலன். அவளுடைய அம்மா எழுதிய சமையல் நோட்டு ஒன்று கிழிந்தும் மை கலைந்தும் கையில் இருக்கிறது. அழிந்துபோன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். மகன் கவின் வளர வளர அவன் நாக்கிலிருந்து தமிழ் தேய்ந்துகொண்டே போகிறது.

எனக்கு ஒரு குறை இருந்தது, இன்னும் இருக்கிறது. பா அவள், பாடுகிறவன் அவன் என்று பெயரிலேயே வைத்துவிட்டார்களே என்று. அதுவும் அடுப்படியில் வைத்து.

ஆனால் நான் சொல்ல வந்தது என் அம்மாவைப் பற்றி. கஜா புயலில், 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில், எங்கள் தோப்பின் தென்னைகள் சாய்ந்தபிறகுதான் அம்மா கிராமத்தை விட்டுப் பட்டுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும், பணம் தெரியும், பஸ்ஸை நிறத்தையும் டிரைவரையும் வைத்துத் தெரியும். எழுத்து தெரியாது. விளையாட்டில் வந்த ஆங்கில வசனத்தை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பிறந்ததிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. எழுத்து என் பக்கம், காது அவள் பக்கம்.

முதல் சமையல் இட்லி. நோட்டில் பாதி இல்லை. நான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். சரியாக வரவில்லை. மறுபடியும் அடுக்கினேன்.

“திருப்பி வையி” என்றாள் அம்மா. “மேத்தட்டுக் குழி கீழ இருக்குற இட்லி மேல உக்காந்தா நசுங்காதா? எத்தன வருஷமா இட்லி திங்கிற?”

திருப்பி வைத்தேன். வெந்தது. புட்டுக்கும் அப்படித்தான், சில்லு முதலில், தேங்காய்ப்பூ, பிறகு மாவு என்று நான் குறிப்பைத் தேடுவதற்குள் சொல்லிவிட்டாள். எழுத்து இருந்த இடமெல்லாம் நான், எழுத்து அழிந்த இடமெல்லாம் அவள். இரண்டு அத்தியாயம் போனதும் அம்மா கேட்டாள்: “எழுத்து இல்லாம ஒண்ணு இருக்காதா?”

தங்கை மகன் டேப்லெட்டில் மெஷினேரியம் போட்டுக் கொடுத்தான். செக் நாட்டு அமானிதா டிசைன் 2009இல் வெளியிட்டது. பாயின்ட் அண்ட் கிளிக் வகை: திரையில் ஒரு படம், அதில் எதைத் தொட்டால் எது நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கதையை நகர்த்த வேண்டும். இதில் யாரும் பேசுவதில்லை. கீழே ஒரு வரி ஓடுவதில்லை. எவனாவது எதையாவது சொல்ல நினைத்தால் அவன் தலைக்கு மேல் ஒரு குமிழி வந்து அதற்குள் படம் ஆடும். தகரமும் துருவுமாக ஒரு ஊர், குப்பைமேட்டில் கை ஓரிடம் கால் ஓரிடமாகக் கொட்டப்பட்ட ஒரு சின்ன ரோபோ. அவனைப் பொறுக்கிச் சேர்ப்பதிலிருந்து ஆட்டம் ஆரம்பம்.

இந்த வகையின் பழைய கதை தமிழ் வாத்தியாருக்குப் பிடித்துப்போகும். படத்தோடு கூடிய முதல் சாகச விளையாட்டான ‘மிஸ்டரி ஹவுஸ்’ 1980இல் வந்தது. யோசித்து வடிவமைத்தவர் ரொபெர்ட்டா வில்லியம்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய். அதில் கதவைத் திற என்று சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு 1987இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ திரையின் அடியிலேயே வினைச்சொற்களை வரிசையாக அடுக்கி வைத்தது. திற, தள்ளு, எடு, கொடு. ஏவல் வினைப் பட்டியல்! பிறகு அந்தச் சொற்களும் சிலவற்றிலிருந்து உதிர்ந்துபோய், விரல் மட்டும் மிச்சம். தொட்டால் போதும்.

தொடுவதுதான் எங்களுக்குப் பழக்கமில்லாதது. ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, அந்த மூன்று நாளும் எதையுமே தொடாதே, அப்பா ரேடியோவைத் தொடாதே. பெண் பிள்ளைக்கு உலகம் முதலில் அறிமுகமாவது இந்தச் சொல்லோடுதான். அதே சொல்லை எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து வயலில் நின்றவர்களிடமும் சொல்லியிருக்கிறோம். அதை விட்டுவிட்டு எங்கள் தீட்டை மட்டும் எழுதினால் பாதிப் பொய். ரோபோ என்ற சொல்லே செக் மொழியில் பண்ணைக்குச் செய்யும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; கரேல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்துக்காக அதை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். நம் ரோபோவுக்கும் அதே பெயர்தான். பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952இல் தனிச்சட்டம் போட வேண்டியிருந்த தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு அந்தச் சொல்லின் வேரை விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு வந்த கடைசித் தொடாதே எங்களிடமிருந்து. “ஆத்தா போனைத் தொடாத, எதையாச்சும் அமுக்கிருவ” என்று பேரன் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை, வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்திவிட்டு வந்த அதே மாலைகளில்.

முதல் நாள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்க வேணாலும் தொடலாமா?” தொடலாம் என்றேன். “ஒண்ணும் ஆயிராதே?” ஆகாது என்றேன். விளக்கைத் தொட்டாள், குழாயைத் தொட்டாள், சும்மா நின்ற சுவரைத் தொட்டாள். ஒன்றும் ஆகாத இடங்களைத் தொட்டபோதும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த யோசெஃப் உடம்பை நீட்டவும் குறுக்கவும் செய்வான். ஆனால் அவன் கைக்கு எட்டுவதைத்தான் நாமும் தொட முடியும். நான் திரையின் மூலையில் இருப்பதைத் தொட்டுத் தொட்டு எரிச்சலாவேன். அம்மாவுக்கு அது சொல்லாமலே புரிந்தது. முதலில் நடக்கவிட்டாள், பிறகு தொட்டாள்.

சிக்கிக்கொண்டால் விடை பார்க்க ஒரு புத்தகம் உண்டு. பூட்டியிருக்கும். சாவியைப் பறக்கவிட்டுச் சிலந்திகளைச் சுட்டு வழி உண்டாக்கினால் திறக்கும், உள்ளேயும் படம்தான். ஒருநாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க அம்மா சிலந்தி சுட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் எட்டி உதவப்போனபோது என் கையைத் தள்ளிவிட்டாள்.

யோசெஃபின் சிநேகிதியை ரவுடி ரோபோக்கள் பிடித்துவைத்துச் சமைக்கப் போட்டிருக்கிறார்கள். ஆண் போய்ப் பெண்ணை மீட்கும் பழைய கதையேதான். சொல் இல்லை என்பதால் அது மாறிவிடவில்லை. அந்தக் கட்டம் வந்ததும் அம்மா சொன்னாள்: “இவளையும் அடுப்படியிலதான் வச்சிருக்கானுவளா.” அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எழுதியதில்லை.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் யோசெஃப் நின்ற இடத்தில் நின்று பழையதை நினைப்பான். குமிழி வரும். ஒரு மழை நாளில் கரண்ட் இல்லை, டேப்லெட் வெளிச்சம் மட்டும். அவன் அப்படி நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனைத் தொடாமல் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டுச் சொன்னாள்:

“நீயும் இப்படித்தான் நின்ன ஆயி. சிங்கப்பூர் லெட்டரு படிக்கையில.”

1992. எனக்குப் பதின்மூன்று வயது. சடங்கு முடிந்த இரண்டாவது மாதம். அப்பாவிடமிருந்து ஏர்மெயில் கடிதம் வந்தது. வழக்கம்போல அம்மா திண்ணையில், நான் நின்றுகொண்டு உரக்கப் படிக்கிறேன். நலம், மழை உண்டா, கடன் பாக்கி. நடுவில் ஒரு வரி. பெரியவள் பள்ளிக்கூடம் போனது போதும், நிறுத்திவிடவும். என் கண் அதைப் படித்துவிட்டது. வாய் நின்றது. பிறகு அடுத்த வரிக்குத் தாவி, பொங்கலுக்குப் பணம் அனுப்புகிறேன் என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். இரவில் எடுத்துக் கிழித்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தோழி கூற்றில் ஆய்வு செய்தவள் நான். தலைவிக்காகச் சொல்லை மறைக்கிறவளையும் மாற்றுகிறவளையும் பற்றி முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினேன். அந்த முந்நூறு பக்கத்துக்கும் அடியில் படிக்காமல் விட்ட ஒரு வரி கிடந்தது. எழுத்தறியாத ஒருத்தியை ஏமாற்றிப் படித்தேன் என்பது முப்பது வருடமாக என்னோடு இருந்தது.

“தெரியுமா உனக்கு?”

“ஒரு எடத்துல நின்ன. அப்பறம் வேகமாப் படிச்ச. கண்ணு மேல வரல. எனக்கு லெட்டரு படிக்கத் தெரியாது, உன் மூஞ்சி படிக்கத் தெரியாதா? நாலு நாள் கழிச்சு உங்க சித்தப்பா வந்து நின்னாரு, பாப்பாவ நிறுத்தச் சொல்லி அண்ணன் எழுதிருக்காமே, இன்னும் போவுதான்னு. லெட்டருல அப்படி ஒண்ணும் வல்லையேன்னுட்டேன்.”

சித்தப்பா வந்தது எனக்குத் தெரியாது. அன்று நான் பள்ளிக்கூடம் போயிருந்திருப்பேன்.

“வேற யாருகிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லிருக்கலாம்ல?”

“எதுக்கு? நீ படிச்சதே நல்லாத்தான இருந்துச்சு.”

யோசெஃபைத் தொட்டாள். அவன் நினைப்பை விட்டு நடந்தான். மழை விடவில்லை.

“கரண்டு வந்தா இதச் சார்ஜுல போடு. பத்துக்கு வந்துருச்சு.”