அம்மா வாயைத் திறந்து பார்க்கல

சம்பா நடவு வேலையில பதினஞ்சு நாளா எதுவும் எழுத முடியல. இன்னிக்கு பயிரை விட்டுட்டு பல்லைப் பத்தி எழுதறேன்.

சின்னப் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. போன மாசம் ஒருநாள் ராத்திரி திண்ணையில உட்கார்ந்து செரிமானப் பாடத்தைச் சத்தமா படிச்சிட்டு இருந்தா. வெட்டும் பல் 2, கோரைப் பல் 1, முன் கடைவாய்ப் பல் 2, பின் கடைவாய்ப் பல் 3. பாதித் தாடைக்கு எட்டு, மேலயும் கீழயும் மொத்தம் 32. பால் பல்லுன்னா 20தான்.

"மாட்டுக்கு எத்தனைப்பா?"ன்னு கேட்டா.

இது நமக்குத் தெரிஞ்ச பாடமாச்சே. "அதுக்கும் 32தான். ஆனா மேல முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ முன்னாடி எட்டு. அதுல ரெண்டு பால் பல்லு விழுந்து புதுப்பல் வந்தா ரெண்டு வயசு ஆச்சு. எட்டும் மாறிட்டா ஏறக்குறைய நாலு வயசு"ன்னு சொன்னேன். சந்தையில வாயைத் திறந்து பார்க்காம நான் ஒரு மாடும் வாங்கினதில்ல.

அவ நேரா எங்கம்மாகிட்ட போனா. "ஆயா, ஆ காட்டு"ன்னு டார்ச் அடிச்சு எண்ணினா. ஏழு பல். அதுல ரெண்டு ஆடுது. கடைவாய்ப் பல்லு மேல இருக்கிற இடத்துல கீழ இல்ல, கீழ இருக்கிற இடத்துல மேல இல்ல. "ஆயாவுக்குச் சூத்திரமே எழுத முடியாதுப்பா, ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்ல"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

ரெண்டு வருஷமா அம்மா இளைச்சிட்டே வர்றாங்க. முருங்கைக்கீரை பொரிச்சா வேணாம், வேர்க்கடலை வேணாம், கறிக்குழம்பு வச்சா சாறு மட்டும் போதும். ரசஞ்சோறு, டீயில நனைச்ச பன்னு, அவ்ளோதான். ராத்திரியில வயிறு உப்புசம். "வயசான காலத்துல என்ன பிடிவாதம்?"னு எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். வெத்தலையை உரல்ல இடிச்சுப் போட ஆரம்பிச்சப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

பொண்ணு தொடர்ந்து படிச்சா. சோத்துல இருக்கிற மாவுச்சத்தை எச்சில்ல உள்ள அமைலேஸ் சர்க்கரையா மாத்த ஆரம்பிக்குது. வெறுஞ்சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்கிறது அதனாலதான். நாங்க படிச்சப்போ அதுக்கு டயலின்னு பேரு. மென்னாத்தான் எச்சில் நல்லா கலக்கும். இரைப்பை பிசையும், அமிலம் சுரக்கும், ஆனா அம்மி மாதிரி அரைக்காது. மாடு அவசரமா விழுங்கினாலும், அப்புறம் சாவகாசமா படுத்து அசை போட்டுக்கும். நமக்கு மெல்றதுக்கு ஒரே வாய்ப்புதான். நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு பெரியவங்க சொன்னாங்க. நொறுக்கப் பல்லு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல.

"ஏம்மா சொல்லல?"ன்னு கேட்டேன். "நடவுக்கு வட்டிக்கு வாங்குறே, அதுல என் பல்லுக்கு வேற செலவா?"ன்னாங்க.

மறுவாரம் நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்க்கரை, பிரஷர் பார்த்துட்டு ஆடுற ரெண்டையும் எடுத்துட்டாங்க. புண்ணு ஆறினதும் அளவு எடுத்து பல் செட்டு. இன்னும் நாலஞ்சு தடவை அலையணும். அலையலாம்.

அதுவரைக்கும் வீட்டுச் சமையலை மாத்திட்டோம். கீரையைக் கடைஞ்சிடறோம், பருப்பைக் குழைய வேக வைக்கிறோம், தினம் ஒரு அவிச்ச முட்டையை மசிச்சுக் கொடுக்கிறோம், காலையில கேழ்வரகுக் கூழ். நேத்து அம்மா ரெண்டாந்தடவை கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

உங்க வீட்லயும் பெரியவங்க "பசிக்கல, வேணாம்"னு தட்டைத் தள்ளினா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்சை எடுத்துட்டுப் போங்க.

அடுத்த பதிவுல பயிர் நிலவரம் எழுதறேன்.