சாட்சியின் முகவரி

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளைக் கொண்ட பெங்களூருவுக்கு, 2003 நவம்பரில் தமிழ்நாட்டு வழக்கொன்றும் குடிபெயர்ந்தது. அது ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. அவர் மீண்டும் முதலமைச்சரானபின், குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்ட 76 சாட்சிகளுள் 64 பேர் தம் முந்தைய சாட்சியத்திலிருந்து பிறழ்ந்தனர். உச்ச நீதிமன்றம் வழக்கை மாநில எல்லைக்கு அப்பால் மாற்றியது.

வழக்கு இடம்பெயரலாம், சாட்சியின் வீடும் பிழைப்பும் அவ்வளவு எளிதில் இடம்பெயர்வதில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இக்குறையை உணர்ந்தது. அடையாளத்தை மறைத்தல், காவல் அளித்தல், தேவையெனில் குடியிருப்பையே மாற்றுதல் என வழிகளை வகுத்தது. முடிவெடுக்கும் குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர். ஆயினும் அவர்முன் வைக்கப்படும் அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கையை எழுதுபவர் காவல் அதிகாரி. 2020 சாத்தான்குளம் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டோர் காவலர்கள். முக்கியச் சாட்சியோ அதே நிலையத்தின் தலைமைக் காவலர். அவருக்குப் பாதுகாப்பளிக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட வேண்டியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு, சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கும் கடமையை மாநில அரசுகளுக்கு விதிக்கிறது. சாட்சி அஞ்சுவது அரசையோ காவல்துறையையோ எனில், அந்த அச்சத்தை அளப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை கூறாத திட்டம், அதிகாரத்துக்கு எதிராகப் பேச வருபவரைத் தனியே நிறுத்திவிடும்.