சிவக்காத பணியாரம்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கானாடுகாத்தானில் மாலை நாலு மணி என்பது இடைப்பலகார நேரம். முகப்பைத் தாண்டி, வளவைச் சுற்றி, அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே மிளகாய் நெடி மூக்கில் ஏறிவிட்டது. "சட்னியை முதல்ல முடிச்சுடணும். பணியாரம் காத்திருக்காது" என்றார் ஆச்சி. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் அன்றைய பலகாரம்.

வரமிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, துளி புளி, உப்பு எல்லாவற்றையும் பச்சையாகவே அரைத்து வைத்திருந்தார். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, விழுதைக் கொட்டி, எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கி இறக்கினார். சட்னி வேலை அவ்வளவுதான்.

மாவுக்குத்தான் கணக்கு. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து. இரண்டையும் ஒன்றாக 2 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெயாக ஆட்டியிருந்தார். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப்போகும். புளிக்கவிடுவதில்லை. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, காய்ச்சி ஆறிய பால் கொஞ்சம் சேர்த்துக் கரைத்தார். தோசை மாவைவிடச் சற்றே கெட்டி.

குழிவான சட்டியில் எண்ணெய் காய்ந்தது. புகையவிடவில்லை. ஒரு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றினார். அடியில் போய் மறுநொடி மேலே வந்தது. கண்கரண்டியால் சூடான எண்ணெயை அதன் தலையில் தள்ளிவிட, நடு உப்பி, ஓரம் சல்லாத்துணியாகச் சிலிர்த்துக்கொண்டது. ஒரே ஒரு திருப்பு. எடுத்து வடியவிட்டார்.

"அதுக்குள்ளேயா? சிவக்கவே இல்லையே!"

"சிவந்தா அது வெள்ளைப் பணியாரமா?"

வடைக்கும் பஜ்ஜிக்கும் நிறம்தான் பக்குவம் சொல்லும். நிறமே மாறக் கூடாத பலகாரம் வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? "காதைக் குடுங்க" என்றபடி அடுத்த கரண்டியை ஊற்றினார். சடசடவென்று பொரிந்த சத்தம் மெல்லத் தணிந்தது. மாவின் ஈரம் ஆவியாகப் பறக்கிற வரைக்கும்தான் அந்தக் குமிழியும் ஓசையும். மேல்பக்கம் ஈரம் வற்றிய பிறகே நிறம் ஏறும். சத்தம் தணிவதற்கும் நிறம் ஏறுவதற்கும் நடுவில் கிடைக்கிற சில நொடிதான் கைப்பக்குவம். பாலும் சர்க்கரையும் சிவப்பை விரைவுபடுத்தும் என்பதால்தான் இரண்டிலும் அவ்வளவு சிக்கனம்.

ஒரே ஈட்டில் நாலைந்து ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெயின் சூடும் இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். பத்துப் பேருக்குச் சுடுகிறவர் அடுப்பைவிட்டு நகர முடியாது.

முதல் பணியாரம்தான் சோதனை. எண்ணெய் குடித்தால் மாவில் ஒரு கரண்டி அரிசி மாவு. விறைப்பாக வந்தால் கொஞ்சம் பால்.

தட்டு என் கைக்கு வந்தது. ஓரம் மொறுமொறு, நடு மெத்தென்று. சட்னியைப் பணியாரத்தின் மேலேயே வைக்கப்போனேன். "பக்கத்துல வச்சுத் தொட்டுக்கங்க. மேல வச்சா ஓரம் ஊறிடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டி மாவை அள்ளினார் ஆச்சி.